பிணையாளி

நூலகப் படிவத்தின் ஆறாம் கோடு
வீட்டு இலக்கம் கேட்டது.
லயத்துக்கு நம்பர் இருந்தது, காம்பராவுக்கு இல்லை.
ஒன்பதாம் கோடு
மஸ்கெலியா டவுனில் சோலைவரி கட்டும் ஒருவரின்
கையெழுத்தைக் கேட்டது.
அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும்
செக்ரோலில் இருந்தார்கள்.

என் கையில் சவரிமுத்து சேர் எழுதிய துண்டு:
"இவன் கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறான்.
ஏதாவது கொடுத்து உதவவும்."
எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம், கணிதம், சங்கீதம்
மூன்றுக்கும் அவர் ஒருவர்தான்.
சங்கீத பாடத்தில் கணக்குப் போடுவோம்.

குசுமலதா மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்க வராது.
நானே வாசித்துக் காட்டினேன்,
'கொல்கிறா'னை விழுங்கிவிட்டு.
அவர் படிவத்தை இழுத்தார், பேனையைத் திறந்தார்.
வீட்டு இலக்கம்: பணிய லயம், கொய்யா மரத்துக்குப் பக்கம்.
பிணையாளி:
தன் பெயர்.
முத்திரையை ஒருமுறை ஊதிவிட்டுக் குத்தினார்.

தமிழ் அலுமாரி ஒன்றே ஒன்று,
வாளியும் தும்புத்தடியும் வைக்கிற மூலையில்.
தட்டுகளில் மிஸ் ஒட்டிய துண்டுகள்,
எழுத்தெழுத்தாய்ப் பார்த்து வரைந்தவை:
கனிதம். பரவைகள். மளையும் காற்றும்.
சிரித்துவிட்டேன்.
பேனையை என் பக்கம் நீட்டினார்.
"இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

அதுவரை உத்தியோகத்தர் யாரும்
எங்களிடம் கேட்டதெல்லாம் அடையாள அட்டை.

அந்த ஐப்பசியில் தகரம் ஒழுகியது.
கடல்களைப் பற்றிய புத்தகம்
தண்ணீர் குடித்து ரொட்டி மாவாய் உப்பியது.
அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டோம்.
பசிபிக் முழுக்கப் புகை.
மூன்று மாதம் மீன்கடைச் சந்தால் சுற்றிப் போனேன்.
பிறகு ஒருநாள் நேருக்கு நேர்.
"எங்கே ஆளைக் காணோம்?" அவ்வளவுதான்.
கடலைப் பற்றிப் பேச்சே இல்லை.
தப்பித்தது என் கெட்டித்தனம் என்று
வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சபையின் கணக்குக் கிளையில் சேர்ந்த இரண்டாம் வருடம்
எலி தின்னுமுன் கட்டிவைக்கச் சொன்னார்கள்,
பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களை.
இழந்த நூல், ரூபா 185. செலுத்தியவர் எம். குசுமலதா.
ரூபா 90. எம். குசுமலதா.
ரூபா 240, அட்டை கிழிந்தது, எம். குசுமலதா.
முப்பத்தொரு சீட்டுகள்.
மேல் கணக்கு தர்மசீலி, இப்போது பஸ் ஓட்டும் பவுல்ராஜ்,
மாடு தின்ற வரலாற்றுப் புத்தகத்துக்குச்
சொந்தக்காரன் மாடசாமி.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
பியோன் வந்து, "தேத்தண்ணி வேணுமா, ஐயா?" என்றான்.

ஒக்டோபர் ஆறாம் திகதி சேருக்கு மாலை உண்டு,
வெற்றிலைத் தட்டு உண்டு.
ஓய்வுபெற்ற பிறகும் பள்ளிக்கூடம் கூப்பிடும்;
வந்தால் அழுவார், மைக்கை விடமாட்டார்.
இந்த வருடமும் காலில் விழுந்தேன்.
"இன்னும் கேள்வி கேட்கிறாயா?" என்றார்.
நூலகருக்கென்று எங்கள் சபையின் கலண்டரில்
ஒரு சதுரமும் கிடையாது.

படிவத்தில் ஒன்பதாம் கோடு இன்னும் இருக்கிறது.
நீக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம்
மூன்றாவது மேசையில் படுத்திருக்கிறது.
அது எழும்பும்வரை
சோலைவரி கட்டுகிறவன் நானே போடுகிறேன்.

கினிகத்தேனைக்குக் காசுக்கட்டளை அனுப்பினேன்.
கூட அனுப்பக் கை பரபரத்தது.
கணக்குக் கிளைக்காரன்; சீட்டில் இருந்ததையே அனுப்பினேன்.
நூற்று எண்பத்தைந்து.

பதில் தபாலட்டையில் வந்தது, தமிழில்,
கோடு தப்பாமல் வரைந்து:
பனம் கிடைத்தது. நண்றி.

பணத்தில் ஒரு சுழி குறைந்திருந்தது.
நன்றியில்
ஒரு சுழி கூட.